சர்க்கார் எழுத்து

எங்கள் மாவட்டத்துக்குக் கம்ப்யூட்டர் தமிழ் ஒரு ஃப்ளாப்பியில் வந்தது. சட்டைப் பையில் அடங்குகிற சதுரமான பிளாஸ்டிக் தகடு. அதை வைத்துக் காப்பாற்ற வேங்கிக்காலில் ஓர் அலுவலகம் திறந்தார்கள். மாவட்ட எழுத்துரு நிலையம் என்று பெயர். இனி எந்தத் துறையின் தாளாக இருந்தாலும், தமிழில் அச்சாக வேண்டுமென்றால் இங்கே வந்துதான் அச்சாக வேண்டும் என்று உத்தரவு. அது 2001. மற்ற ஊர்களில் எழுத்துருவைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்களாம். நாங்கள் கோயில் ஊர்க்காரர்கள். எதையும் முறைப்படி செய்தால்தான் எங்களுக்கு மனசு ஆறும்.

நான் அந்த நிலையத்தின் வாசலில் புங்கமரத்தடியில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவன். நிலையத்தைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. அது இல்லாவிட்டால் எனக்கு இத்தனை மனுக்கள் ஏது?

நிலையத்தின் கீழ்த்தளத்தில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஒன்று உள்ளே, ஏசி அறையில். அதற்கு வெல்வெட் உறை, நெற்றியில் மூன்று பட்டை விபூதி, நடுவே குங்குமம், வெள்ளிக்கிழமைகளில் ஒரு முழம் மல்லிகை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பகல் பன்னிரண்டு மணிக்கு உறை போட்டு மூடினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். பௌர்ணமியன்று திறப்பதே இல்லை. கிரிவலக் கூட்டம் கிளப்புகிற தூசி மெஷினுக்கு ஆகாது என்று சொன்னார்கள். இந்தக் கம்ப்யூட்டரில்தான் எழுத்துரு இருந்தது. எழுத்துரு இருக்கிற மெஷினில் தமிழ் தமிழாகத் தெரியும். இல்லாத மெஷினில் அதே தமிழ், கையில் அகப்பட்ட இங்கிலீஷ் எழுத்தையும் குறிகளையும் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து நிற்கும். எண்கள் மட்டும் எங்கேயும் மாறாது.

இரண்டாவது கம்ப்யூட்டர் வெளியே, கவுன்ட்டரில். அதில் எழுத்துரு கிடையாது. ஆனால் பிரிண்டர் அதில்தான் இருந்தது. பிரிண்டரை உள்ளே விடமாட்டார்கள். அது சத்தம் போடும், மை சிந்தும். எழுத்துருவை வெளியே விடமாட்டார்கள். அது காணாமல் போய்விடும். ஆகவே பெயரை உள்ளே தமிழில் அடித்து, ஃப்ளாப்பியில் எடுத்து வந்து, வெளியே வேறு என்னவோவாக அச்சிட்டு, வட்ட முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

நீங்கள் நினைப்பதுபோல் ஊர் கொந்தளிக்கவில்லை. சர்வே நம்பர் சரியாக வந்தது, ஏக்கர் சென்ட் சரியாக வந்தது. பேங்க்காரர் நம்பரைப் பார்த்தார், சொசைட்டிக்காரர் முத்திரையைப் பார்த்தார். பெயரை யாரும் பார்க்கவில்லை. இந்த நாட்டில் ஒரு குடியானவனின் பெயர் எவ்வளவு தேவைப்படுகிறது என்பதை அந்த நிலையம் ஒரு செலவும் இல்லாமல் கண்டுபிடித்துவிட்டது.

அந்தப் பெயரைப் பார்க்க ஒருத்தி இருந்தாள்.

கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்துக் கிராமம். சடையன் என்பவரின் மனைவி ரேணுகாம்பாள். மகளைப் பெங்களூரில் கட்டிக் கொடுத்துவிட்டு, இரண்டு பேருமாக மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுப் பிழைத்தவர்கள். சடையனுக்குப் படிக்கத் தெரியாது. பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தர அறிவொளி வகுப்பு வந்தபோது ரேணுகாம்பாள் மட்டும் போய் உட்கார்ந்தாள். அவளுடைய பெயர் ஒரு முழம் நீளம். கூடப் படித்த பொன்னியும் வள்ளியும் ரெண்டே நாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இவள் மாதக்கணக்கில் அந்தப் பெயரோடு மல்லுக்கட்டி, கடைசியில் எழுதிவிட்டாள். எழுதியதும் விட்டாளா? மாட்டுக் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதினாள். மல்லாட்டை மூட்டையில் எழுதினாள். குத்துக்கல்லில் எழுதினாள். இது யார் வீட்டு மாடு என்று ஊரில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

அவளுடைய அண்ணன்மார் அப்பன் சொத்தில் முப்பது சென்ட் அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்தார்கள். பதிவு ஆபீசில் கட்டைவிரல் மையை நீட்டியபோது, “நான் கையெழுத்து போடுவேன்” என்று சொல்லிப் போட்டாளாம். பட்டா வரவேண்டியதுதான் பாக்கி. அதற்குள் அவளுக்கு வயிற்றில் கட்டி. வேலூர் வரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சடையனிடம் அவள் கேட்டது ஒன்றுதான். சர்க்கார் தாளில் தன் பெயரைத் தானே படித்துப் பார்த்துவிட வேண்டும்.

பட்டா கைக்கு வந்த அன்று சடையன் அதைப் பார்க்கக்கூட இல்லை. பார்த்து என்ன ஆகப் போகிறது? பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் லேமினேஷன் போட்டுக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய் அவள் கையில் கொடுத்தார். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, விரல் வைத்து, மேலிருந்து கீழே வரைக்கும் தேடினாள். திரும்ப மேலே போனாள். மேலே தொப்பி போட்ட எழுத்து ஒன்று, வால் முளைத்த எழுத்து ஒன்று, ரெண்டு புள்ளி, ஒரு கேள்விக்குறி.

“இன்னாய்யா இது? எம் பேரைக் காணமே.”

“நல்லா பாரு. அதுலதான் இருக்குதுன்னு சொன்னாங்க.”

அவள் மறுபடியும் பார்த்தாள். “எனக்கு எழுத்து மறந்துபோச்சு போல” என்றாளாம். மருந்து சாப்பிடுகிற உடம்பு, அதனால் மறந்திருக்கும் என்று அவளே காரணமும் சொல்லிக்கொண்டாள். இதைச் சொல்லும்போது சடையன் என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு எரிச்சலும் துக்கமும் ஒன்றாக வந்தன. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் அப்படித்தான் வருகின்றன.

அவர் துண்டில் சுற்றி ஒரு பலகை கொண்டுவந்திருந்தார். அறிவொளியில் கொடுத்த சிலேட்டு. அதில் அவள் தன் பெயரை எழுதிக் கொடுத்திருந்தாள், தாளில் இப்படி வரவேண்டும் என்று காட்டுவதற்காக. “பஸ்ல அழிஞ்சிடுமோன்னு மடியில வெச்சினு வந்தேங்க” என்றார். நான் மனு எழுதிக் கொடுத்தேன். அவர் கவுன்ட்டருக்குப் போனார்.

கவுன்ட்டரில் மதிவதனி என்று ஒரு பெண். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள், நல்ல பெண். “அய்யா, இந்த மெஷின்ல எழுத்துரு இல்லீங்க. நான் எழுதிக் கேட்டு ஆறு மாசம் ஆவுது. உள்ள சாரைப் பாருங்க” என்றாள்.

உள்ளே இருந்தவர் அருணகிரி. எழுத்துருக் காப்பாளர் என்பது பதவி. முன்பு விதைக் கிடங்கில் இருந்தவர். பூட்டுப் போட்டுக் காப்பதில் அவருக்கு அனுபவம் ஜாஸ்தி. சடையன் செருப்பைக் கழற்றிவிட்டு, சிலேட்டை நெஞ்சோடு அணைத்தபடி உள்ளே போனார். காப்பாளர் கம்ப்யூட்டரின் உறையை விலக்கி, இரண்டு தட்டுத் தட்டி, திரையைக் காட்டினார்.

“இதோ பாருங்க பெரியவரே. ரேணுகாம்பாள். குண்டு குண்டா இருக்குதா இல்லியா?”

சடையன் சிலேட்டைத் திரைக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். இருந்தது. ஒரு சுழி விடாமல் இருந்தது.

“இருக்குதுங்க சார். இதையே தாள்ல போட்டுக் குடுத்துட்டா போதுங்க.”

“தாள் வெளி செக்‌ஷன். என் செக்‌ஷன்ல உங்க சம்சாரம் பேரு சுத்தமா இருக்குது. வேணும்னா அவங்களைக் கூட்டிக்கிட்டு வாங்க, பாத்துட்டுப் போகட்டும். பத்துலேர்ந்து பன்னண்டு வரைக்கும். பௌர்ணமி லீவு.”

“எழுந்து உக்கார முடியலீங்களே.”

“அப்ப நான் என்ன பண்றது? மெஷினைத் தூக்கிக்கிட்டு வரவா?”

அப்படியானால் பெயரைப் பேனாவால் எழுதிக் கொடுங்கள், ஒரு முத்திரை குத்தினால் போதும் என்று சடையன் கேட்டார். காப்பாளர் எழுந்தே நின்றுவிட்டார். “கையால எழுதினா அது போர்ஜரி. கம்ப்யூட்டர்ல தப்பா வந்தாலும் அது அத்தாட்சி. வித்தியாசம் தெரிஞ்சுக்கங்க.”

சடையன் தெரிந்துகொண்டார். மறுவாரமும் வந்தார்.

இதற்கிடையில் மேலிடத்திலிருந்து வெளி மெஷினுக்கும் எழுத்துருவைப் போடச் சொல்லி ஒரு தாக்கீது வந்திருந்தது. அசல் ஃப்ளாப்பி பீரோவில், அரக்கு முத்திரையோடு இருந்தது. பீரோவைத் திறக்க ஒரு குழு கூட வேண்டும். அதனால் காப்பாளர் தம் மெஷினில் எழுத்துரு இருக்கிற பெட்டியைத் திறந்து, அதன் படத்தை எலியால் பிடித்து இழுத்து வெளியே போட்டார். ஓரத்தில் சின்னதாக ஓர் அம்புக்குறியோடு படம் வந்தது. அதை வேறொரு ஃப்ளாப்பியில் ஏற்றிக் கொடுத்தார். மதிவதனி தன் மெஷினில் போட்டாள். அப்படி ஒன்றைக் காணோம் என்று மெஷின் சொன்னது. காப்பாளர் அந்த ஃப்ளாப்பியை உள்ளே கொண்டுபோய்த் தம் மெஷினில் போட்டார். உடனே திறந்தது.

“எங்க மெஷின்ல வருதே!” என்றார்.

மறுபடி வெளியே, மறுபடி உள்ளே. வெளியே போனால் காணோம், உள்ளே வந்தால் வருகிறது. நிலையம் முழுவதும் ஒரு வாரம் இதே வேலையாக இருந்தது. சடையன் சிலேட்டோடு பெஞ்சில் உட்கார்ந்து ஃப்ளாப்பி போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் காப்பாளர் ஒரு முடிவுக்கு வந்தார். ஃப்ளாப்பியில் கோளாறு இல்லை. வெளி மெஷினில் பக்தி போதாது என்று அவர் வாயால் சொல்லவில்லை. ஆனால் அதன் நெற்றியிலும் அன்றைக்கு விபூதி பூசினார்கள்.

அதுவும் பலிக்காமல் போகவே, ஃப்ளாப்பியை ஓர் உறையில் போட்டு சடையனிடமே கொடுத்தார். “வெளியில யார்கிட்டயாவது காட்டி, இது நல்லா இருக்குதுன்னு எழுதி வாங்கிக்கிட்டு வாங்க. பயனாளி பங்கேற்புன்னு இப்ப ஒரு திட்டம் இருக்குது.”

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு எதிர்வரிசையில், கோபி என்பவர் டிடிபி சென்டர் வைத்திருந்தார். விடுதிகளுக்கு போர்டு, கல்யாணப் பத்திரிகை, வெள்ளைக்காரர்களுக்கு டிக்கெட் நகல் என்று எல்லாம் செய்வார். நானும் சடையனோடு போனேன். கடையில் காவி உடுத்திய வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி ஏதோ நகல் எடுக்க நின்றிருந்தாள். சடையன் கையில் இருந்த பட்டாவை எட்டிப் பார்த்தாள். பிரெஞ்சுக்காரி. இதில் நாலைந்து எழுத்து எங்களுடையது, ஆனால் எங்கள் பாஷை இல்லை என்று கோபியிடம் சொன்னாள். பிறகு அது ஏதோ மந்திரம் என்று முடிவு செய்து, கும்பிட்டுவிட்டு, தனக்கும் ஒரு நகல் கேட்டாள். ரேணுகாம்பாளின் பெயரை முதன்முதலாக மரியாதையோடு பார்த்தவள் அவள்தான்.

கோபி ஃப்ளாப்பியைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சடையன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

“இதுல எழுத்தே இல்லீங்கய்யா. எழுத்து எங்க இருக்குதுன்னு கைகாட்டுற பலகை மட்டும்தான் இருக்குது. கிரிவலப் பாதையில அம்புக்குறி போட்டு கோயில் இந்தப் பக்கம்னு பலகை வெச்சிருக்கான் பாருங்க, அது மாதிரி. அந்தப் பலகையைப் புடுங்கினு வந்து என் கடையில நட்டா கோயில் வந்துடுமா?”

“அவங்க மெஷின்ல மட்டும் வருதுங்களே?”

“கோயில் அங்கதானே இருக்குது. வராம எங்க போவும்?”

கோபி பட்டாவில் இருந்த குறிகளை அப்படியே அடித்து, தம்மிடம் இருந்த எழுத்துருக்களை எல்லாம் ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு கம்பெனிக்காரனும் ஓர் எழுத்துக்கு ஒவ்வொரு இடம் கொடுத்திருக்கிறான். ஒன்றில் அடித்தது இன்னொன்றில் வராது. எல்லாவற்றிலும் வேறு வேறு உளறல்தான் வந்தது. அசல் ஃப்ளாப்பி வேண்டும், வேறு வழியில்லை என்றார். அவராகவே ரேணுகாம்பாள் என்று பெரிய எழுத்தில் அடித்து, நல்ல தாளில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

வீட்டில் அதை ரேணுகாம்பாள் உடனே படித்துவிட்டாள். சடையன் சந்தோஷப்பட்டு, “பாத்தியா, உனக்கு ஒண்ணும் மறக்கல. மெஷினு கோளாறு” என்றார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

“ஊர்ல அத்தினி பேரு பட்டா வாங்கினு போறாங்க. யாரும் ஒண்ணும் சொல்லல. எனக்கு மட்டும் தெரியலன்னா அது எம் மேல கோளாறுதானே? இது கடை எழுத்து, வருது. அது சர்க்கார் எழுத்து. நமக்கு அறிவொளியில பாதிதான் சொல்லிக் குடுத்தாங்க போல.”

சடையன் இதை என்னிடம் வந்து சொன்னார். எத்தனையோ மனு எழுதியிருக்கிறேன். இதற்கு யாருக்கு மனு எழுதுவது?

கோபி சொன்னதைக் காப்பாளரிடம் போய்ச் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“வழி காட்டுதில்ல?”

“காட்டுதுங்க. ஆனா எழுத்து இல்லீங்களே.”

“வழி காட்டுறதுதான்யா சர்க்கார் வேலை. கொண்டுபோய் விடுறது எந்தக் காலத்துல சர்க்கார் வேலையா இருந்துச்சு?”

இருந்தாலும் அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. எழுத்துரு நிறுவல் குழுவைக் கூட்டினார். ஏழு பேர் வந்தார்கள். தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடினார்கள். முந்திரிப் பகோடாவும் காபியும் வந்தன. தலைவர் பேசினார். தமிழ் மூத்த மொழி, அது கண்ட கண்ட மெஷினில் ஏறி உட்காராது, தகுதியான மெஷினைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும், நாம் காத்திருக்க வேண்டும் என்றார். கைதட்டினார்கள். சடையன் சிலேட்டோடு வாசற்படியில் நின்று அவரும் தட்டினார். பேசுகிறவர் நம் காரியத்தைத்தான் பேசுகிறார் என்று நினைத்திருப்பார்.

பிறகு பீரோவைத் திறப்பது பற்றித் தீர்மானம் நிறைவேற்றினார்கள். காப்பாளர் அதை உள்ளே அடித்தார். மதிவதனி வெளியே அச்சிட்டாள். தொப்பியும் வாலும் கேள்விக்குறியுமாக இரண்டு பக்கம் வந்தது. ஏழு பேரும் வாங்கி, மூக்குக்கண்ணாடியை மாட்டி, கடைசி வரைக்கும் பார்வையிட்டு, அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். மதிவதனி அதைக் கொண்டுபோய்க் காப்பாளரிடம் காட்டி, “சார், பீரோவைத் திறக்கலாமா?” என்று கேட்டாள்.

“தீர்மானத்துல என்ன போட்டிருக்குது?”

“படிக்க முடியலீங்களே சார்.”

“அப்ப எப்படித் திறக்கிறது?”

“உங்க மெஷின்ல இருக்குமே சார். திரையில பாக்கலாமே.”

“திரையில கையெழுத்து இருக்குதா? கையெழுத்து இருக்கிற தாள்ல என்ன இருக்குதோ அதுதான் தீர்மானம்.” அதைக் கோப்பில் வைத்துக் கட்டிவிட்டார். அந்தக் குழு என்ன முடிவெடுத்தது என்பது அரசுத் தரப்பில் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு சடையன் சில வாரங்கள் வரவில்லை. ரேணுகாம்பாளுக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை என்று அவர் ஊரிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். சாப்பாடு இறங்கவில்லை, நாள் பூராவும் அந்தப் பட்டாவை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள் என்றார். நான் அவள் அதைப் பார்த்து வருத்தப்படுகிறாள் என்று நினைத்தேன்.

அவள் படித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை சடையன் வந்தார். துண்டைப் பிரித்து சிலேட்டைக் காட்டினார். அதில் அவள் பெயர் இல்லை. மேலே தொப்பி போட்ட எழுத்து, வால் முளைத்த எழுத்து, ரெண்டு புள்ளி, கேள்விக்குறி. பட்டாவில் அவள் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் என்ன இருந்ததோ அது அத்தனையும், வரிசை மாறாமல் எழுதியிருந்தது. பார்க்காமல் எழுதினாளாம். தினம் தினம் எழுதி அழித்து, எழுதி அழித்து, மனப்பாடம் செய்திருக்கிறாள். ஒரு பெயரைக் கற்றுக்கொள்ள மாதக்கணக்கில் மல்லுக்கட்டியவள், சாகக் கிடக்கிற நேரத்தில் இரண்டாம் முறையும் அதைச் செய்திருக்கிறாள்.

“சரியா இருக்குதான்னு ஆபீசர்கிட்ட கேட்டுனு வரச் சொன்னா” என்றார்.

நான் மனு எழுதவில்லை. அவரோடு கூடவே உள்ளே போனேன். காப்பாளர் சிலேட்டை வாங்கி, பட்டாவோடு ஒத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. மதிவதனியைக் கூப்பிட்டார், பியூனைக் கூப்பிட்டார்.

“பாத்தீங்களா? ஒரு தப்பு இல்ல! படிக்காத பொம்பள கத்துக்கிட்டு எழுதியிருக்குது. நீங்க எல்லாம் மெஷினை மாத்து மெஷினை மாத்துன்னு கம்ப்ளெயின்ட் எழுதுறீங்க. மெஷினு எதுக்கு மாறணும்? ஜனங்க கொஞ்சம் மனசு வெச்சா போதும். பெரியவரே, உங்க சம்சாரத்துக்கு என் பாராட்டுன்னு சொல்லுங்க.”

கோப்பை எடுத்தார். ‘பயனாளி எழுத்துருவைக் கற்றுக்கொண்டார். குறை தீர்ந்தது. கோப்பு முடிக்கப்படுகிறது’ என்று பேனாவால், முத்து முத்தான தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த நிலையத்தில் நான் கண்ணால் கண்டு படிக்க முடிந்த முதல் ஆவணம் அதுதான். மதிவதனி அங்கே நிற்காமல் வெளியே போய்விட்டாள்.

சடையன் எல்லோரையும் கும்பிட்டார். வாசலில் என்னிடம், “பாஸ் ஆயிட்டான்னு சொல்லிடட்டுங்களா?” என்று கேட்டார். சொல்லுங்கள் என்றேன். வேறு எதைச் சொல்லச் சொல்வேன்?

அவர் போய்ச் சொன்னாராம். அவள் ரெண்டு தடவை கேட்டாளாம், “மெய்யாலுமா? ஆபீசரே சொன்னாரா?” என்று. சிரித்தாளாம். இனிமேல் சர்க்கார் எழுத்தும் தனக்கு வரும், வேதா வந்தால் அவளுக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று மகள் பேரைச் சொல்லிக்கொண்டே தூங்கிப்போனாளாம். அந்த வாரத்திலேயே போய்விட்டாள்.

இறப்புச் சான்றிதழும் எங்கள் நிலையத்தில்தான் அச்சாக வேண்டும். அதற்கு மாடியில் தனிப் பிரிவு. திரௌபதி என்று ஓர் அம்மாள், நிலையம் திறந்த நாளிலிருந்து இருக்கிறவர், அதிகம் பேசமாட்டார். சடையன் மொட்டைத் தலையோடு போய் நின்றார். துணைக்கு நானும் போனேன். அந்த அம்மாள் கிராமத்திலிருந்து வந்த விவரத்தைப் பார்த்து அடித்தார். பக்கத்திலேயே பிரிண்டர் இருந்தது. பியூன் வைத்துவிட்டுப் போன டீ ஆறுவதற்குள் தாள் வந்துவிட்டது.

சடையனுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் உலகத்தில் ஒரு சொல் மட்டும் அவருக்குத் தெரியும். மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து வந்து அந்தச் சொல்லின் ஒவ்வொரு சுழியும் அவருக்குப் பாடம். தாளில் மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். ரேணுகாம்பாள். கறுப்பாக, பளிச்சென்று, குண்டு குண்டாக.

“இது அவ பேருதானுங்களே?”

“ஆமாங்க” என்றார் அந்த அம்மாள்.

“இங்க மட்டும் எப்படிங்க?”

“எங்க மெஷினு வரும்போதே எல்லாம் போட்டு வந்துச்சுங்க. எங்க செக்‌ஷன்ல எழுத்துப் பிரச்சனையே கிடையாது. நான் உக்காந்த நாள்லேர்ந்து ஒரு கம்ப்ளெயின்ட் இல்ல. பேரு தப்புன்னு சம்பந்தப்பட்டவங்க யாரும் திரும்பி வந்ததில்ல.”

அதை அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. பெருமையாகத்தான் சொன்னார்.

சடையன் தாளிலிருந்து விரலை எடுக்கவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார். “அம்மா, போன மாசம் இந்த மெஷின்லயே ஒரு தாளு போட்டுக் குடுத்திருக்கலாங்களா?”

“அதெப்படிங்க? உயிரோட இருக்கிறவங்களுக்குக் கீழ. இது இதுக்கு மட்டும்தான்.”

மாடியிலிருந்து இறங்கி வரும்போது ஏசி அறையில் உறை போட்டு மூடியிருந்தார்கள். மணி பன்னிரண்டு ஆகிவிட்டிருந்தது.

கருமாதிக்கு நான் போயிருந்தேன். மாட்டுக் கொட்டகைச் சுவரில் அவள் பெயர் இன்னும் இருந்தது. அவள் போட்டோவுக்கு முன்னால் அவளுக்குப் பிடித்ததையெல்லாம் வைத்துப் படைத்திருந்தார்கள். வேகவைத்த மல்லாட்டை, கேழ்வரகு அடை, ஒரு புதுப் புடவை, வெற்றிலை. சிலேட்டும் இருந்தது. அவள் கடைசியாக எழுதியதை யாரும் அழிக்கவில்லை. சடையன் உள்ளே போய் அந்தச் சான்றிதழை எடுத்துவந்து படையலில் வைத்தார். பங்காளிகள் சத்தம் போட்டார்கள். படையலில் போய்ச் சாவு சர்ட்டிபிகேட்டை எவனாவது வைப்பானா என்றார்கள். மகள் வேதா அதை எடுக்கப் போனாள். அவர் விடவில்லை.

தாளை ஒரு செம்பில் சாய்த்து நிற்க வைத்தார். எழுத்து எங்கள் பக்கம் பார்த்து இருந்தது. கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, எடுத்துத் திருப்பி, எழுத்து அவள் போட்டோவைப் பார்க்கிற மாதிரி வைத்தார். எங்களுக்குத் தாளின் வெற்றுப் பக்கம்தான் தெரிந்தது.

“படிச்சுக்கோ” என்றார். “இதான் உன் பேரு. உனக்கு ஒண்ணும் மறக்கல.”